பழைய நிரல்களும் பாதுகாப்பான இணைப்பும்

1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாளன்று, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம், பொதுமக்களுக்கான இணையச் சேவையை நமது நாட்டில் தொடங்கியது. இணையத்தின் வழியே செல்லும் செய்தியை இடையில் எவரும் படிக்கவோ திருத்தவோ இயலாதபடி காக்கும் எஸ்.எஸ்.எல். என்ற நெறிமுறையை அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இந்தியாவின் பொது இணையமும் பாதுகாப்பான இணைப்பு முறையும் ஒத்த வயதின எனலாம்.

ஆயினும் அந்த நெறிமுறை தொடங்கிய இடத்தில் நின்றுவிடவில்லை. 1996-இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. 1999-இல் டி.எல்.எஸ். எனப் பெயர் மாறி 1.0 ஆகவும், 2006-இல் 1.1 ஆகவும், 2008-இல் 1.2 ஆகவும், 2018-இல் 1.3 ஆகவும் அது வளர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம், முந்தைய பதிப்பில் குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டதோ, கணிப்பொறிகளின் வேகம் பெருகிப் பழைய பூட்டு எளிதில் திறக்கக்கூடியதாக ஆனதோ ஆகும். 2014 அக்டோபரில் வெளிப்பட்ட ஒரு குறைபாடு எஸ்.எஸ்.எல். மூன்றாம் பதிப்புக்கு முடிவு கட்டியது. அட்டைவழிப் பணம் பெறுவோர் டி.எல்.எஸ். 1.0-ஐ 2018 ஜூன் 30-க்குள் கைவிட வேண்டும் என்று அத்துறையின் பாதுகாப்புத் தரக் குழு விதித்தது. 2021 மார்ச்சில், இணையத் தரங்களை வகுக்கும் பொறியியல் அமைப்பு 1.0, 1.1 ஆகிய இரண்டும் இனிப் பயன்படுத்தத் தகாதவை என்று முறைப்படி அறிவித்தது.

நெறிமுறைகள் மாறிய வேகத்தில் நிரல்கள் மாறுவதில்லை என்பதே நமது பிரச்சினை. தாராவியில் தோல் பைகள் தைக்கும் பட்டறை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் விற்பனைப் பட்டியலைத் தயாரிக்கும் நிரல் 2009 வாக்கில் எழுதப்பட்டது. எழுதியவர் வேறு வேலைக்குச் சென்று பல ஆண்டுகள் ஆகின்றன. நிரல் மட்டும் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. பிழையின்றி ஓடும் ஒன்றை மாற்றுவதற்குச் சிறுதொழில் செய்வோர் எவரும் முன்வருவதில்லை. அதில் தவறு காண்பதற்கும் இல்லை. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. மாநில எல்லையைக் கடந்து செல்லும், ரூ. 50,000-க்கு மேற்பட்ட சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தேவையாயிற்று. ஆண்டு விற்பனை ரூ. 5 கோடியைத் தாண்டும் நிறுவனங்கள், பிற வணிகர்களுக்கு விற்கும் சரக்குக்கு இ-இன்வாய்ஸ் தயாரிப்பதும் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தேசியத் தகவலியல் மையம் நடத்தும் இந்த இ-வே பில் சேவையைப் பட்டறையின் பழைய நிரல், மேலே சேர்க்கப்பட்ட ஒரு சிறு பகுதியின் துணையுடன், ஓர் இடைநிலை நிறுவனத்தின் வழியாக அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலை அந்த நிறுவனம் தன் கணிப்பொறிகளில் பழைய பதிப்புகளை நிறுத்திவிடுகிறது. பட்டறையின் திரையில் 'பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த இயலவில்லை' என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஒன்று தோன்றுகிறது. பைகள் கட்டப்பட்டு வாசலில் இருக்கின்றன. லாரியும் வந்து நிற்கிறது.

இணையதளத்தைத் திறந்து விவரங்களைக் கையால் தட்டி அன்றைய சீட்டைப் பெற்றுவிடலாம். ஆனால் நாள்தோறும் நாற்பது பட்டியல் போடும் இடத்தில் அதுவே வழியாக நீடிக்க இயலாது. எனவே செம்பூரில் உள்ள கணக்காளர் தமக்குத் தெரிந்த ஓர் இளைஞரை அனுப்புகிறார். அந்த இளைஞர் முதல் அரைமணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அந்தப் பட்டறையின் பிற்காலப் பாதுகாப்பு அமையும்.

மறுத்தவர் யார்?

பாதுகாப்பான இணைப்பு தொடங்குமுன் இரு கணிப்பொறிகளும் தமக்குள் ஒரு சிறு உரையாடலை நடத்துகின்றன. இதனைக் கைகுலுக்கல் என்பர். சேவையை நாடும் கணிப்பொறி, தனக்குத் தெரிந்த பதிப்புகள் இவை, தனக்குப் பழக்கமான மறைகுறி முறைகள் இவை, தான் நாடும் தளத்தின் பெயர் இது என்று முதலில் அறிவிக்கிறது. சேவையை வழங்கும் கணிப்பொறி, அதாவது வழங்கி, அவற்றுள் தனக்கு ஏற்புடையதைத் தேர்ந்துகொண்டு, தன் அடையாளத்துக்குரிய சான்றிதழை அனுப்புகிறது. அச்சான்றிதழை ஆராய்ந்து ஏற்பதோ தள்ளுவதோ நாடிய கணிப்பொறியின் பொறுப்பு. ஏற்றபின் இரண்டும் ஒரு மறைகுறிச் சாவியை உருவாக்கிக்கொண்டு பேச்சைத் தொடங்குகின்றன.

ஆகவே இணைப்பு முறிவதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. வழங்கி நம்மை மறுக்கலாம்; அல்லது நாம் வழங்கியை மறுக்கலாம். முன்னது நமது திறமைக் குறைவால் நேர்வது. பின்னது நமது நம்பிக்கைக் குறைவால் நேர்வது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மருந்து தேடுவோர் பலர். நாளெல்லாம் உழைத்தும் பயன் காணாமற்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

திரையில் வரும் வாசகமே இதற்கு வழிகாட்டும். ஜாவா நிரலில் 'ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்' அல்லது 'புரோட்டகால் வெர்ஷன்' என்ற சொற்களுடன் எச்சரிக்கை பெறப்பட்டதாக வந்தால், மறுத்தது எதிர்ப்பக்கம். 'பாத் பில்டிங் ஃபெயில்ட்' என்று வந்தால், மறுத்தது நமது நிரலே. வந்த சான்றிதழை அதனால் நம்ப இயலவில்லை. பைதானில் 'சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்' என்பதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. டாட் நெட் சூழலில் வரும் 'செக்யூர் சானல் உருவாக்க இயலவில்லை' என்ற செய்தி பெரும்பாலும் முதல் வகை. எந்த விளக்கமும் இன்றி இணைப்பு சட்டென்று அறுந்தால் அதனையும் முதல் வகையாக ஐயுறுவதே நன்று. காவல் கணிப்பொறிகள் சில, பழைய பதிப்பில் வருவோருக்கு மறுமொழிகூடத் தருவதில்லை.

இந்த ஆய்வில் இறங்குமுன் கடிகாரத்தைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். பழைய கணிப்பொறியின் உள்ளே இருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2005-இல் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் கணிப்பொறிக்கு இன்றைய சான்றிதழ்கள் அனைத்தும் இன்னும் பிறவாதவை. ஒரு மின்கலத்தின் விலையோடு இது தீர்ந்துவிடும்.

பேசத் தெரியாத மொழி

வழங்கி மறுத்தால், நமது சூழலுக்கு எந்தப் பதிப்பு வரை பேசத் தெரியும் என்பதை அறிய வேண்டும். ஜாவா 6-இன் பொது வெளியீடுகளுக்கு டி.எல்.எஸ். 1.0 மட்டுமே தெரியும். 2011-இல் வந்த ஜாவா 7-க்கு 1.2 தெரியும், ஆயினும் பிறரை நாடிச் செல்லும்போது கேட்டுக்கொண்டாலொழிய அதைப் பேசாது. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 தானாகவே 1.2-ஐப் பேசும். ஆகவே ஜாவா 7-இல் ஓடும் பல நிரல்களில், நிரலின் ஒரு வரியையும் திருத்தாமல், தொடங்கும் கட்டளையில் 'எச்.டி.டி.பி.எஸ். புரோட்டகால்ஸ்' என்ற அமைப்புக்கு டி.எல்.எஸ். 1.2 என்று மதிப்புக் கொடுத்தாலே போதுமானது. ஜாவா 6-இல் இந்தச் சலுகை இல்லை. அங்குச் சூழலை மாற்ற வேண்டும். அல்லது பவுன்சி காசில் போன்ற வெளித் தொகுதியைச் சேர்க்க வேண்டும்.

டாட் நெட்டில் கதை சற்றே வேறு. 2012-இல் வந்த 4.5 பதிப்பு 1.2-ஐ அறியும், ஆனால் இயல்பாகப் பயன்படுத்தாது. 2015-இல் வந்த 4.6 இயல்பாகவே பயன்படுத்தும். 4.0-க்காக எழுதப்பட்ட நிரலில் 1.2 என்ற பெயரே இராது. எனினும் கணிப்பொறியில் 4.5 நிறுவப்பட்டிருப்பின், பாதுகாப்பு நெறிமுறை என்ற இடத்தில் 3072 என்னும் எண்ணை இட்டால் வேலை நடந்துவிடும். இந்த எண்ணை அறியாமல் முழு நிரலையும் திரும்ப எழுதத் துணிந்தோரும் உண்டு.

விஷுவல் பேசிக் 6 முதலிய இன்னும் பழைய கருவிகளில் எழுதப்பட்டவை தாமாக எதையும் அறிவதில்லை. இயக்க முறைமையின் தோளில் ஏறிச் செல்கின்றன. விண்டோஸ் எக்ஸ்.பி.யின் தோள் 1.0-க்கு மேல் உயராது. விண்டோஸ் 7-இல் 1.2 இருந்தும், அதன் வின்-எச்.டி.டி.பி. பகுதி அதை இயல்பாகக் கையாளாது. 2016-இல் வெளிவந்த கே.பி. 3140245 என்ற திருத்தத்தை நிறுவி, பதிவகத்தில் ஒரு மதிப்பையும் இட வேண்டும். திருத்தத்தை மட்டும் நிறுவிவிட்டு மதிப்பை இட மறந்தால் பிழை அப்படியே நீடிக்கும். பைதானும் இவ்வாறே பிறரைச் சார்ந்தது. அது ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற தொகுதியின் வழியாகவே பேசுகிறது, அத்தொகுதி 1.2-ஐக் கற்றது 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பில். பைதானின் பதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, அதன் கீழே எந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். இருக்கிறது என்று பாராமல் விடுவது முழுமையான சோதனை ஆகாது.

நாடும் தளத்தின் பெயரைத் தொடக்கத்திலேயே அறிவிக்கும் வழக்கமும் பழைய சூழல்களுக்கு இல்லை. ஜாவா 6, எக்ஸ்.பி.யின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், 2.7.9-க்கு முந்தைய பைதான் 2 ஆகியவை அத்தகையன. இன்று ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கின்றன. சால் ஒன்றின் பெயரை எழுதி, அறை எண்ணை விட்டுவிட்ட கடிதம் முதல் அறைக்காரர் கையில் சேர்வது போல, பெயரின்றி வந்த கோரிக்கைக்கு வேறு எவருடைய சான்றிதழோ பதிலாக வரும். பெயர் பொருந்தவில்லை என்ற பிழை இதனால் எழுவதுண்டு.

மாதிரிக் கையொப்பப் பதிவேடு

இனி இரண்டாம் வகை. கருவூலத்தில் பணியாற்றியோர் மாதிரிக் கையொப்பப் பதிவேட்டை அறிவர். பட்டியல் ஒன்று வரும்போது, அதில் உள்ள அதிகாரியின் கையொப்பத்தைப் பதிவேட்டில் உள்ள மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தே பணம் வழங்கப்படும். கணிப்பொறியினுள்ளும் அத்தகைய பதிவேடு ஒன்று இருக்கிறது. சான்றிதழ் வழங்கும் தலைமை நிறுவனங்களின் அடையாளங்கள் அதில் உள்ளன. ஒரு தளத்தின் சான்றிதழில் கையொப்பமிடுவது இடைநிலை அதிகாரி. அந்த அதிகாரிக்குச் சான்றளிப்பது தலைமை. இந்தச் சங்கிலி பதிவேட்டில் உள்ள ஒரு தலைமையில் சென்று முடிந்தால்தான் நம்பிக்கை பிறக்கும்.

பதிவேடு பழையதாக இருந்தால் புதிதாக வந்த அதிகாரியின் கையொப்பம் அதில் இராது. 2015 இறுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு, கட்டணமின்றிச் சான்றிதழ் வழங்கிப் பெருமளவில் பரவியது. அதன் சொந்தத் தலைமைச் சான்று ஜாவா 8-இல் இடம்பெற்றது 2017 ஜூலையில் வந்த 141-ஆம் திருத்தத்தில்தான். அதற்கு முன்னதாக, டி.எஸ்.டி. ரூட் என்ற பழைய தலைமை ஒன்றின் சான்றை இரவல் பெற்றே அது இயங்கியது. அந்த இரவல் சான்று 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானபோது உலகெங்கும் பழைய கருவிகள் பல திகைத்து நின்றன. இதில் வியப்புக்குரிய செய்தி யாதெனில், பதிவேட்டில் புதிய தலைமையின் கையொப்பத்தை வைத்திருந்த கணிப்பொறிகளும் தோற்றன என்பதே. ஓப்பன் எஸ்.எஸ்.எல். 1.0.2-க்கு, வழங்கி அனுப்பிய சங்கிலியை இறுதிவரை பின்பற்றிச் செல்லும் பழக்கம் இருந்தது. நடுவிலேயே நம்பத்தக்க கையொப்பம் கிடைத்தும், அதனைக் கடந்து காலாவதியான பழைய தலைமையிடம் சென்று முட்டிக்கொண்டது. அங்கே மருந்து எதையும் சேர்ப்பதன்று. காலாவதியான பழைய சான்றைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதுதான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. அதே முகவரி உலாவியில் திறக்கிறது, நமது நிரலில் மட்டும் மறுக்கப்படுகிறது. ஆகவே குற்றம் நமது நிரலுடையதே என்று முடிவு செய்துவிடுகிறோம். இது எப்போதும் சரியன்று. வழங்கியை நிறுவியவர் இடைநிலை அதிகாரியின் சான்றை இணைத்து அனுப்பத் தவறியிருக்கலாம். உலாவிகள் அக்குறையைத் தாமே தேடி நிரப்பிக்கொள்ளும் அளவுக்குச் சாமர்த்தியம் பெற்றவை. ஜாவாவும் பைதானும் இயல்பாக அவ்வாறு செய்வதில்லை. இத்தகைய இடத்தில் திருத்தம் நாட வேண்டியது வழங்கியின் பொறுப்பாளரிடமே. ஓப்பன் எஸ்.எஸ்.எல். தொகுதியுடன் வரும் 'எஸ்-கிளையண்ட்' என்ற கருவி, வழங்கி உண்மையில் எந்தெந்தச் சான்றிதழ்களை அனுப்புகிறது என்று ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டிவிடும். ஒரு சான்றிதழ் மட்டுமே வந்தால் குறை எங்குள்ளது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

கல்லூரிகளிலும் பெரிய அலுவலகங்களிலும், வைரஸ் தடுப்பு நிரல்களோ வாயிற்காவல் கணிப்பொறிகளோ எல்லா இணைப்புகளையும் இடையில் பிரித்துப் பார்த்துத் தம் சொந்தச் சான்றிதழை நீட்டுவதும் உண்டு. சான்றளித்தவர் பெயர் அலுவலகத்தின் பெயராகவோ தடுப்பு நிரலின் பெயராகவோ இருப்பதிலிருந்து இதனை உடனே கண்டுகொள்ளலாம்.

2014 ஜூலையில் நேர்ந்தது

பதிவேட்டைப் புதுப்பிக்காமல் விடுவதன் மறுபக்கம் இன்னும் கவலைக்குரியது. பணிநீக்கம் செய்யப்பட்ட அதிகாரியின் கையொப்பம் பழைய பதிவேட்டில் செல்லுபடியாகவே இருக்கும். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி, சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கு உரிமம் அளிக்கும் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் நமது நாட்டில் ஏற்படுத்தப்பட்டது. தேசியத் தகவலியல் மையமும் அதன் கீழ்ச் சான்றிதழ் வழங்கும் உரிமை பெற்றிருந்தது. 2014 ஜூலை 2-ஆம் நாள், தன் தளங்களின் பெயரில் தான் கேளாத சான்றிதழ்கள் அந்த மையத்தின் கையொப்பத்துடன் உலவுவதை கூகுள் நிறுவனம் கண்டறிந்தது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அலுவலகம் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றுகளைச் செல்லாதவையாக்கியது. மையத்தின் சான்றிதழ் வழங்கும் முறைக்குள் ஊடுருவல் நேர்ந்திருந்தது என்றும் அவ்வலுவலகம் தெரிவித்தது. இந்திய அரசின் தலைமைச் சான்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தமையால், விண்டோஸில் இயங்கிய பல நிரல்கள் அந்தப் போலிச் சான்றிதழ்களை உண்மையென ஏற்கும் நிலையில் இருந்தன. தனிப் பதிவேடு வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தப்பியது. ஜூலை 10-இல் மைக்ரோசாஃப்ட் அவசர அறிவிப்பு வெளியிட்டு, தவறாகப் பயன்படக்கூடிய 45 சான்றுகளை நீக்கியது.

இதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், ஏப்ரல் 8-ஆம் நாளோடு, விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான பொதுத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆகவே பழைய இயக்க முறைமையைத் தாங்கிய கணிப்பொறிக்கு இந்த நீக்கச் செய்தி தானாகச் சென்று சேரும் வழி அடைபட்டிருந்தது. அலுவலகங்களில் எக்ஸ்.பி. கணிப்பொறிகள் பரவலாக இருந்த காலம் அது. பழைய சூழல் என்பது புதிய சேவையை அடைய இயலாத குறை மட்டுமன்று. எவரை நம்பக்கூடாது என்ற செய்தியும் எட்டாத நிலை என்பதை நிர்வாகத்தில் இருப்போர் மனங்கொள்ள வேண்டும்.

ஒரு வரியில் கிடைக்கும் தீமை

தாராவிக்கு வந்த இளைஞரிடம் திரும்புவோம். பிழை வாசகத்தை இணையத்தில் தேடினால், சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடும் ஒரு வரி நிரல் அவருக்குப் பெரும்பாலும் முதலிலேயே கிடைக்கும். ஜாவாவில் எவரையும் நம்பும் சோதகர் ஒருவரை நியமிக்கலாம். பைதானில் 'வெரிஃபை' என்ற இடத்தில் இல்லை என்று எழுதலாம். மறுப்பு இரண்டாம் வகையாயின் பிழை உடனே மறையும். லாரி புறப்படும். எல்லோரும் மகிழ்வர்.

ஆனால் இப்போது அந்த நிரல், வாசலில் வந்து நிற்கும் எவரையும் இடைநிலை நிறுவனமென்றே ஏற்கும். செய்தி மறைகுறியில்தான் செல்கிறது; யாரிடம் செல்கிறது என்பது மட்டும் தெரியாது. பட்டறையின் வரிக்கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் இடையில் இருக்கும் ஒருவர் கைக்குப் போகலாம். பட்டறைகள் கைப்பேசியின் இணைப்பிலோ, பக்கத்துக் கடையின் வை-ஃபையிலோ வேலை செய்வது மும்பையில் அன்றாட வழக்கமாதலால் இந்த ஐயம் வெறும் ஏட்டுச்சுரைக்காய் அன்று. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்த்ரா குர்லா வளாகம், யு.பி.ஐ. முறையை நடத்தும் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷனின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. நடந்து செல்லும் தொலைவு. ஆனால் இணைப்பில் தொலைவு ஒரு பொருட்டன்று. எதிரில் இருப்பவர் யார் என்பதற்குச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம்.

இத்தவறு கற்றுக்குட்டிகள் மட்டும் செய்வதன்று. 2012-இல் டெக்ஸாஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், உலாவி அல்லாத நிரல்கள் சான்றிதழை எவ்வாறு சோதிக்கின்றன என ஆராய்ந்தனர். பணம் செலுத்தும் வசதிக்கெனப் பெரு நிறுவனங்கள் அளித்த நிரல் தொகுதிகளிலேயே சோதனை பழுதுற்றிருப்பதை அவர்கள் வெளிப்படுத்தினர். பைதான் மொழியும் 2014 டிசம்பரில் வந்த 2.7.9 பதிப்புக்கு முன்பு வரை, கேட்டுக்கொண்டாலொழிய சான்றிதழைச் சோதித்ததில்லை. பழைய பைதான் நிரல் பிழையின்றி ஓடுவது நற்சான்று ஆகாது என்பதற்கு இதுவே போதும்.

மறுப்பு முதல் வகையாயின் இந்த மருந்தால் ஒரு பயனும் இல்லை. வழங்கி நம்மை மறுத்திருக்கையில், நாம் அதன் சான்றிதழைச் சோதித்தாலென்ன, சோதிக்காவிட்டாலென்ன? பிழை தீராது. ஆனால் முயற்சியில் எழுதிய அந்த வரி நிரலில் தங்கிவிடும். பின்னர் வேறு வழியில் பிழை தீர்ந்தபோது அதனை நீக்க எவரும் நினைவு வைத்திருப்பதில்லை.

இடையில் ஒரு தூதர்

சூழலையே புதுப்பிப்பதுதான் முதன்மையான தீர்வு. பதிப்பை உயர்த்தினால் பதிவேடும் கூடவே புதிதாகும். மூல நிரல் கையில் இருந்தால் இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

மூல நிரல் தொலைந்துபோன இடங்களில், அத்தகைய இடங்களே மிகுதி, இடையில் ஒரு தூதரை அமர்த்தும் முறை நன்கு பயன்படும். புதிய இயக்க முறைமை கொண்ட சிறு கணிப்பொறி ஒன்றில் என்ஜின்எக்ஸ், எஸ்-டனல் போன்ற கட்டணமற்ற நிரலை நிறுவலாம். பழைய நிரல் வெளியுலகை நாடாமல் அந்தத் தூதரிடம் பேசும். தூதர் வழங்கியிடம் டி.எல்.எஸ். 1.2 அல்லது 1.3 மொழியில் பேசுவார். பழைய நிரலில் முகவரி ஒன்றை மாற்றினால் போதும். இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பழைய நிரலுக்கும் தூதருக்கும் இடைப்பட்ட பேச்சு திறந்த மொழியில் நடக்குமாதலால், அது பட்டறையின் சொந்தக் கம்பியை விட்டு வெளியேறக் கூடாது. அன்றியும், என்ஜின்எக்ஸ் தூதராகச் செயற்படும்போது எதிர்ப்பக்கச் சான்றிதழைச் சோதிக்கும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கும். அதனை இயக்கி, பதிவேட்டின் இடத்தையும் குறிப்பிட்டாலன்றி, முன்பு சொன்ன தீமையை வேறு பெயரில் செய்தவராவோம்.

இத்தகைய வேலை கல்லூரி மாணவர்களுக்கு ஏற்ற பயிற்சி என்பது என் கருத்து. தாராவிக்கு அண்மையில் மாட்டுங்காவில் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. செம்பூரிலும் பொறியியல் கல்லூரி உண்டு. மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியாக, முன்பே பலர் செய்து முடித்த நூலகப் பதிவேட்டு நிரலை மீண்டும் எழுதுவதைவிட, பத்துப் பட்டறைகளின் பழைய நிரல்கள் எந்தப் பதிப்பில் பேசுகின்றன, சான்றிதழைச் சோதிக்கின்றனவா என்று கண்டு எழுதினால் கற்றுக்கொள்வதும் அதிகம், பயன்பெறுவோரும் உளர்.

வழங்கியின் பக்கம் அமர்ந்திருக்கும் அலுவலர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பழைய பதிப்பை நிறுத்துவது தவறன்று, நிறுத்தாதிருப்பதே தவறு. ஆனால் நிறுத்துமுன் சில மாதங்களுக்கு, எவரெவர் எந்தப் பதிப்பில் வருகின்றனர் என்பதை வழங்கியின் நாட்குறிப்பில் பதிந்துவரலாம். என்ஜின்எக்ஸில் இதற்கு ஒரு சொல்லைச் சேர்த்தாலே போதும். 1.0-இல் வருவோரின் பட்டியல் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு மட்டும் தனியே எழுதலாம். பொது அறிவிப்பை இணையதளத்தின் மூலையில் இட்டுவிட்டு ஒருநாள் கதவை அடைப்பதைவிட இது மேலானது. குறித்த நாளுக்கு முன்பாக ஒரு மணி நேரம் மட்டும் அடைத்துப் பார்த்து, எத்தனை தொலைபேசி வருகின்றன என்று காண்பதும் பயனுள்ள சோதனையே.

பழைய நிரல்களில் காணப்படும் வழக்கம் ஒன்றை விரைவில் கைவிட்டாக வேண்டியுள்ளது. தலைமையின் சான்றைப் பதிவேட்டில் சேர்ப்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட தளத்தின் சான்றிதழையே பிரதி எடுத்து நிரலுக்குள் வைத்துவிடுவதுதான் அது. சான்றிதழ் மாறும்போதெல்லாம் நிரல் நின்றுவிடும். முன்னர் சான்றிதழ் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுமாதலால் இத்தொல்லை எப்போதோ ஒருமுறை வந்தது. 2020 செப்டம்பர் 1 முதல் உலாவிகள் 398 நாட்களுக்கு மேற்பட்ட புதிய சான்றிதழை ஏற்பதில்லை. சான்றளிப்போரும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் செய்த முடிவின்படி, இந்த உச்ச வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்று குறைக்கப்படுகிறது. தளத்தின் சான்றிதழை நிரலுக்குள் பொதித்து வைத்திருப்போர், அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு முறை நிரலைத் திறந்து திருத்த வேண்டியிருக்கும்.